ஒப்பீட்டுக் குழுவும் நான்காவது சேவையும்

டயாலிசிஸ் பிரிவின் கம்ப்யூட்டர் கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்தது. வேறு இடம் இல்லாமல் இல்லை. பிளக் அங்கேதான் இருந்தது. அதற்குச் சூடு ஆகாது என்பதால் ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். விசிறி நோயாளிகளுக்காக வாங்கியது. நோயாளிகள் யாரும் குறை சொல்லவில்லை. தொட்டிக்கு அடியில் இருப்பது நின்றால் தங்கள் கதையும் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பிரிவில் ஒன்பது மிஷின்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம். ஆக மொத்தம் ஐம்பத்துநாலு பேர். யார், எந்த நாள், எந்த வேளை, எந்த மிஷின், உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீர் எடுக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. காலையில் அதிலிருந்து சீட்டு அச்சாகி வரும். சீட்டைக் காட்டினால்தான் ஸ்டோரில் ஃபில்டர் கொடுப்பார்கள். ஃபில்டர் இல்லாத மிஷின் வெறும் பீரோ.

இதையெல்லாம் எழுதி ஓடவிட்டவர் ஆஸ்பத்திரியின் ஒரே புரோகிராமர். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடு இருந்தார். ஐம்பத்துநாலு பேரில் அந்த அக்காவும் ஒருத்தி. செவ்வாய், வியாழன், சனி, முதல் வேளை, நாலாவது மிஷின்.

ஒரே வாரத்தில் கம்ப்யூட்டர் இரண்டு முறை உறைந்து நின்றது. முதல் முறை இருபது நிமிஷம். இரண்டாம் முறை இரண்டு மணி நேரம். அன்று வியாழக்கிழமை. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது. தம்பி தொட்டிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்ததால் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

அன்று சாயங்காலமே அவர் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். டேட்டாபேஸை வாடகைக்கு வைத்துக்கொள்ளும் கிளவுட் சேவைகள் நிறைய உண்டு. அவர்களுடைய கட்டடம், அவர்களுடைய கம்ப்யூட்டர்; அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தினமும் நகல் எடுப்பார்கள், விழுந்தால் அவர்களே தூக்கி நிறுத்துவார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து ஒன்பது சேவைகளை அலசி, மூன்றைப் பொறுக்கி, அரைப் பக்கத்தில் எழுதினார்: 'மூன்றும் நல்லவை. மூன்றிலும் மிகச் சின்னத் திட்டமே நமக்குப் பெரியது. டேட்டாபேஸ் இந்தக் கட்டடத்துக்கு வெளியே இருப்பது மட்டும் முக்கியம். மற்றபடி எதுவானாலும் சரி. சீக்கிரம் ஆனால் நல்லது.'

விண்ணப்பம் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போனது.

ஒப்பீட்டுக் குழு எட்டு வருஷங்களுக்கு முன்னால், கூட்ட அறைக்கு நாற்காலி வாங்குவதற்காக அமைக்கப்பட்டது. மூன்று கம்பெனிகள் மாதிரிக்கு இரண்டிரண்டு நாற்காலிகள் அனுப்பியிருந்தன. ஒப்பீடு இன்னும் முடியவில்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, கூட்டம் நடக்கும்போது இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து நாற்காலி மாறுவார்கள். நடுவில் எத்தனையோ வேலைகள் குழுவிடம் வந்து சேர்ந்தன. எதையும் அவர்கள் திருப்பி அனுப்பியதில்லை. முடித்ததும் இல்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர், கொள்முதல் மேடம், வெளியிலிருந்து வரவழைத்த ஒரு நிபுணர். நிபுணருக்கு ஆஸ்பத்திரியில் 'பொறுத்தது சார்' என்று பெயர். ஏன் என்பது புரோகிராமருக்கு முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

"எதுவானாலும் சரின்னு எழுதியிருக்கீங்களே," என்றார் தலைவர். காகிதத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார். "இதப் படிச்சதும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு தம்பி."

"மூணுமே நல்லாதான் சார் இருக்கு. அதான்..."

"மூணும் நல்லா இருந்தா நாங்க எதுக்கு இருக்கோம்?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.  கொள்முதல் மேடம்தான் சமாளித்தார்.

"நிபுணர் சொல்லட்டுமே. மூணுல எது சார் நல்லது?"

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.

"பொறுத்தது," என்றார்.

"எதைப் பொறுத்தது சார்?" என்றார் புரோகிராமர்.

"அதுவும் பொறுத்ததுதான்."

கொள்முதல் மேடம் இரண்டையும் எழுதிக்கொண்டார். மணி அடித்தது. எல்லோரும் நாற்காலி மாறினார்கள். புரோகிராமருக்குக் கிடைத்ததில் ஒரு கால் குட்டை.

"முதல் காரியம், பேரை மறைக்கணும்," என்றார் மேடம். "பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். மூணு பேரையும் உறையில போட்டு ஒட்டிடுவோம். யாருக்கும் தெரியக் கூடாது."

"எனக்குத் தெரியுமே மேடம். நான்தானே எழுதினேன்."

"மறந்துடுங்க."

அதற்கு ஒரு படிவம் இருந்தது. 'மேற்படி பெயர்களை நான் முழு மனதுடன் மறந்துவிட்டேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எதை மறந்தார் என்று தெரியாமல் எப்படிச் சாட்சி சொல்வது என்று சாட்சிக்கு வந்த கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் அவரிடம் பெயர்களைச் சொல்லி, பிறகு அவரையும் மறக்கச் சொல்லி, அதற்கு இரண்டு சாட்சிகளைப் பிடித்தார்கள். இப்படியே வாசல் காவலாளி வரைக்கும் போய், அவரோடு நிறுத்திக்கொண்டார்கள். காவலாளிக்குக் காது மந்தம். ஆஸ்பத்திரியில் இருபத்தேழு பேர் எழுத்துமூலம் மறந்திருந்தார்கள்.

பெயர் போன பிறகு சேவைகளை எப்படிக் குறிப்பிடுவது? வெள்ளை, பச்சை, நீலம் என்று வைத்துப் பார்த்தார்கள். தலைவரின் பேனா நீலம் என்று யாரோ சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தார்கள். ஒன்று முந்திக்கொண்டு நிற்கிறதே என்றார் மேடம். கடைசியில் மூன்றையுமே வெறும் 'சேவை' என்று அழைப்பதாக ஒருமனதாக முடிவானது. அன்றைய கூட்டக் குறிப்பு இப்படிப் போகிறது: 'சேவையைவிடச் சேவை வேகமானது. ஆனால் சேவை அளவுக்குச் சேவை மலிவல்ல. நகல் எடுப்பதில் சேவையும் சேவையும் சமம். சேவை சற்றுப் பின்தங்குகிறது.'

"இப்பத்தான் மனசுக்குத் தெளிவா இருக்கு," என்றார் தலைவர்.

ஒப்பீட்டு அட்டவணை ஒன்பது கட்டங்களோடு ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் நூற்று நாற்பது ஆனது. எத்தனை பேர் ஒரே நேரத்தில் இணையலாம், நகல் எத்தனை நாள் இருக்கும் என்பதெல்லாம் முதல் பக்கத்தோடு சரி. பிறகு 'பதில் கடிதத்தில் பணிவு', 'கட்டடத்தின் வயது', 'சேவைக்கு நம்மேல் உள்ள அபிப்பிராயம்' என்று போனது. கடைசிக் கட்டத்தை நிரப்ப மூன்று நிறுவனங்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மூன்றும் நல்ல அபிப்பிராயம் என்றே பதில் எழுதின. சமமாகப் போயிற்றே என்று குழு வருத்தப்பட்டது.

இதற்குள் கம்ப்யூட்டர் இன்னும் மூன்று முறை நின்றது. விசிறியை இன்னும் பக்கத்தில் தள்ளி வைத்தார்கள்.

நாலாவது கூட்டத்தில் தலைவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். யோசனை வரும்போது அவர் அங்கேதான் போவார். கீழே டயாலிசிஸ் பிரிவின் பெஞ்சு தெரியும்.

"காகிதத்துல ஒப்பிட்டு என்ன பிரயோஜனம்? நிஜ வேலை குடுத்துப் பாக்கணும். மூணுலயும் கொஞ்ச நாள் காசில்லாம ஓட்டிப் பாக்கற முன்னோட்டம் இருக்குன்னீங்களே?"

"இருக்கு சார். போலிப் பேருங்கள வச்சு நானே சோதிச்சுட்டேன். எல்லாம் நல்லா..."

"போலிப் பேருக்கு எவன் தம்பி கஷ்டப்பட்டு வேலை செய்வான்? நிஜ நோயாளிங்களப் போடுங்க."

"சரி சார். அம்பத்துநாலு பேரையும் மூணுலயும் போட்டுடறேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

புரோகிராமருக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம். தாங்களே அறியாமல் ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அது அவர் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"மூணுலயும் ஒரே ஆளுங்களா?" என்றார் கொள்முதல் மேடம். "அது எப்படி நியாயம்? ஒண்ணு பாத்துக்கும்னு இன்னொண்ணு சும்மா இருந்துடும். ஆளுக்குப் பதினெட்டு. பிரிச்சுக் குடுங்க."

"அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் எடுத்துடுங்க," என்றார் தலைவர். "பின்னால ஒருத்தன் தாங்கிப் பிடிக்கறான்னு தெரிஞ்சா யாருக்குமே பொறுப்பு வராது."

"சார், அதுல எங்க அக்கா..."

"எல்லாருக்கும் ஒரு அக்கா இருக்காங்க தம்பி. அதான் சீட்டுக் குலுக்கிப் போடப் போறோம். சலுகை கிடையாது."

மணி அடித்தது. எழுந்து மாறினார்கள்.

தொட்டிக்கு அடியில் இருந்ததை வெளியே எடுத்து, துணி சுற்றி, முத்திரை வைத்து, கீழ்த்தளத்து அறையில் பூட்டினார்கள். விசிறியை நோயாளிகள் பக்கம் திருப்பினார்கள். அவர்களுக்குக் குளிர் எடுத்தது.

அன்று வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில். ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்ற அளவை அதில் அவர்தான் கோடு போட்டுப் பிரித்திருந்தார். மத்தியானத்துக்கான கோட்டை அவள் பதினொரு மணிக்கே தாண்டியிருந்தாள். இருவரும் அதைப் பார்க்காதது போல் இருந்தார்கள்.

"என்னை எந்தப் பொட்டில போட்டிருக்கீங்க?" என்றாள்.

"தெரியாதுக்கா. மறந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உனக்கு அதுக்குக் கையெழுத்து வேறயா? எட்டு வயசுல உன்னைக் கடைக்கு அனுப்பினா, என்ன வாங்கணும்னு திரும்பி வந்து கேப்ப. கடைக்காரரே உன்னைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவாரு."

"இது வேறக்கா."

"என்ன வேற? அப்ப உப்பை மறந்த. இப்ப என்னை மறந்திருக்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "நான் வர்ற நாளு எனக்கே தெரியுமேடா. செவ்வாய், வியாழன், சனி. எங்கிட்ட கேட்டு எழுதிக்க வேண்டியதுதானே?"

இதை அவர் அடுத்த கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார்.

"நோயாளி சொல்றது டேட்டா இல்ல சார்," என்றார் கொள்முதல் மேடம், பொறுமையாக. "அது வேண்டுகோள்."

பதினான்கு நாட்கள் மூன்று சேவைகளும் ஒழுங்காக ஓடின. காலையில் மூன்றிலிருந்தும் சீட்டு வந்தது. ஒருவர் முறையும் தவறவில்லை. குழு சோர்ந்துபோயிற்று. நிபுணர்கூட 'பொறுத்தது' என்பதை மனமில்லாமல் சொன்னார்.

பதினைந்தாம் நாள் ஒரு சேவையின் முன்னோட்டக் காலம் முடிந்தது. அது திடீரென்று முடியவில்லை. மூன்று நாள் முன்பே மரியாதையாகக் கடிதம் அனுப்பியது. கார்டு எண் கொடுத்தால் தொடரலாம், இல்லையென்றால் தகவல்கள் அழிக்கப்படும் என்றது. புரோகிராமர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஒண்ணுக்கு மட்டும் குடுத்தா அதைத் தேர்ந்தெடுத்த மாதிரி ஆயிடுமே," என்றார் தலைவர்.

"என் சொந்தக் கார்டைப் போட்டுக்கறேன் சார்."

"ஏன்? அது மேல மட்டும் உங்களுக்கு என்ன தனிப் பாசம்?"

 கார்டு பர்ஸுக்குள் திரும்பிப் போனது. போகிற போக்கில் தன் பென் டிரைவில் ஐம்பத்துநாலு பேரின் பட்டியலை ஒரு நகல் எடுத்துக்கொண்டார். எந்தப் படிவத்திலும் அதைத் தடுக்கும் வரி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினெட்டுப் பேர் இல்லாமல் போனார்கள். ஆறு பேர் அன்றைய முறைக்காரர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், பட்டியலுக்கு உள்ளே இல்லை. அக்கா அவர்களில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள்.

புரோகிராமர் பென் டிரைவோடு வந்து சேர்வதற்குள் பெரிய சிஸ்டர் வேலையை முடித்திருந்தார். பெரிய சிஸ்டர் அந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவர். பஞ்சு வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஆறு பேரையும் எழுதினார். மிஷின், லிட்டர், ஆகாத மருந்து எல்லாவற்றோடும். ஸ்டோர்க்காரர் அது சீட்டு இல்லையே என்றார். பெரிய சிஸ்டர் அவரைப் பார்த்தார். ஆறு ஃபில்டர் வந்தன.

"சிஸ்டர், எப்படி எல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகம் என்ன ஞாபகம்? வாரத்துல மூணு நாள் மூஞ்சியைப் பாக்கறேன். போங்க, போயி உங்க பொட்டியைப் பாருங்க."

குழு அன்றைக்கே அவசரமாகக் கூடியது. எட்டு வருஷத்தில் முதல் முறையாக நேரத்துக்குக் கூடியது. தலைவர் முகம் மலர்ந்திருந்தது. ஒரு வித்தியாசம் கிடைத்துவிட்டது! 'சேவை தகவலை இழந்தது. சேவையும் சேவையும் இழக்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினார்கள். எது இழந்தது என்பதை உறை திறக்காமல் சொல்ல முடியாது. திறந்தால் ஒப்பீடு செல்லாது.

நிபுணர்தான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "பதினெட்டுப் பேரும் அழிஞ்சாச்சு. ஆனா இன்னைக்கு முறைக்காரங்க ஆறு பேருக்கும் டயாலிசிஸ் நடந்திருக்கு. அப்போ தகவல் எங்கேருந்து வந்தது?"

கொள்முதல் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நமக்குத் தெரியாம நாலாவதா ஒரு சேவை ஓடிட்டிருக்கு," என்றார் கொள்முதல் மேடம்.

பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, குட்டைக் கால் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்கு ஆடவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விழிச்சிருப்பீங்க சிஸ்டர்?"

"பதினாறு, பதினேழு. எதுக்கு?"

"மத்த சேவைங்க தொண்ணூத்தொம்பது புள்ளி ஒன்பது சதவீதம் முழிச்சிருக்கு."

"அதுங்களுக்கு வீட்ல சமையல் இல்லியே."

எழுதிக்கொண்டார்கள்.

"பேக்கப் உண்டா?"

"அப்படின்னா?"

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"என் தங்கச்சி வந்து பாத்துப்பா. ரெண்டு பஸ் மாறி வரணும்."

'வேறு ஊரில் மாற்று ஏற்பாடு உண்டு. வந்து சேரத் தாமதம் ஆகும்.'

"ஒரே நேரத்துல எத்தனை பேரு உங்ககிட்ட கேள்வி கேக்கலாம்?"

"ஒருத்தர் ஒருத்தரா வந்தா எத்தனை பேரு வேணா கேக்கலாம். கும்பலா வந்தா கத்துவேன்."

'சுமை அதிகமானால் எச்சரிக்கை ஒலி எழுப்பும்.'

"சோதிச்சுப் பாத்துடலாமா?" என்றார் நிபுணர். காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "வெள்ளிக்கிழமை, மூணாம் வேளை, ஏழாவது..."

"பஸ் டிரைவர். ரெண்டரை லிட்டர் எடுக்கணும். இடது கைல ஊசி போடக் கூடாது. போன வாரம் பேத்தி பொறந்திருக்கு. மருமக நல்லாருக்காளாம்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியில வந்தது கேக்காமலே வருதே?"

"அது சும்மா சொல்றதுங்க."

'கூடுதல் வசதி. கட்டணம் இல்லை.'

தலைவர் நிபுணர் பக்கம் திரும்பினார். வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார். "எது சார் நல்லது?"

நிபுணர் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு பெரிய சிஸ்டரைப் பார்த்தார்.

"இதுதாங்க நல்லது," என்றார்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கொள்முதல் மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூற்று நாற்பது கட்டங்களில் நூற்று இரண்டில் பெரிய சிஸ்டரே முதலிடம். புரோகிராமருக்கும் மனசு குளிர்ந்தது. என்ன கூத்து நடந்தாலும் கடைசியில் சரியான இடத்தில் வந்து நின்றிருக்கிறார்களே என்று நினைத்தார். இது அவர் இரண்டாவது முறையாகச் செய்த தவறு.

"எனக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாங்க," என்றார் பெரிய சிஸ்டர். "என் வேலையை நான் பாத்துக்கறேன். வார்டுல ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

"சேவைங்ககிட்ட சம்மதம் கேக்கற வழக்கம் இல்லீங்க," என்றார் தலைவர் அன்பாக. "ஒரே ஒரு நிபந்தனைதான் பாக்கி." புரோகிராமரின் அரைப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்தார். "டேட்டாபேஸ் இந்தக் கட்டடத்துக்கு வெளியே இருப்பது மட்டும் முக்கியம். தம்பி, இது நீங்க எழுதினதுதானே?"

"சார், அது கம்ப்யூட்டருக்கு எழுதினது. இவங்க ஆளு சார்."

"பாத்தீங்களா, இப்ப ஆளு, கம்ப்யூட்டர்னு பாரபட்சம் காட்டறீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், பழைய கோப்புகள் வைக்கும் கட்டடம் ஒன்று இருந்தது. பெரிய சிஸ்டரை அங்கே மாற்றி உத்தரவு போட்டார்கள். தங்கைக்குப் பக்கம்தான் என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். மற்ற சேவைகளில் மிச்சம் இருந்த முப்பத்தாறு பேரையும் அழிக்கச் சொன்னார்கள். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் எது நிஜம் என்று குழப்பம் வரும் அல்லவா?

அடுத்த திங்கட்கிழமை ஒரு சின்ன விழா நடந்தது. பெரிய சிஸ்டருக்கு ஒரு பொன்னாடையும் அந்தப் பழைய கட்டடத்தின் சாவியும் கொடுத்தார்கள். தலைவர் பேசினார்.

"எட்டு வருஷமா இந்தக் குழுவைக் கேலி பண்ணாதவங்க இல்ல. எதையுமே முடிவு பண்ண மாட்டாங்கன்னாங்க. உண்மைதான். முடிவு பண்ணினா தப்பாப் போயிடலாம். ஒப்பிட்டுக்கிட்டே இருந்தா தப்பே வராது. அதுதான் எங்க கொள்கை. இந்த ஒரு தடவை மட்டும் முடிவு பண்ணிட்டோம். ஏன்னா, இவ்வளவு நல்ல சேவை இனிமே கிடைக்காது. நோயாளிங்க வருவாங்க, போவாங்க. ஆனா இந்த அட்டவணை நிக்கும். இதை அச்சடிச்சு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பப் போறோம்."

கைதட்டல் பலமாக இருந்தது. பெரிய சிஸ்டர் நடுவிலேயே எழுந்து வார்டுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும்தான் அவருக்கு அங்கே இடம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை.

காலை ஏழரைக்கு ஒன்பது மிஷின்களும் துடைத்து வைத்தபடி நின்றன. வெளியே பெஞ்சில் ஒன்பது பேர். மிஷின்களை ஓட்டும் டெக்னீஷியன் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். அவரும் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது.

புரோகிராமர் தன் பட்டியலை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். டெக்னீஷியன் வாங்கிப் பார்த்தார். நாலாவது மிஷினுக்கு நேரே அக்கா இருந்தாள்.

"சரியாத்தான் சார் இருக்கு. எனக்கே தெரியுமே, இவங்கதான் நாலு. ஆனா இது எந்த சேவைலேருந்து வந்தது?"

"என்கிட்டேருந்து."

"நீங்க தேர்வாகலியே சார். ஸ்டோர்ல சிஸ்டர் கையெழுத்து இருந்தாத்தான் ஃபில்டர்னு நேத்தே ஆர்டர் வந்துடுச்சு. குடுத்தா நாளைக்கு என்னையும் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பாப்பாங்க. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

புரோகிராமர் பெரிய சிஸ்டருக்குப் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாலாவது மிஷின் உங்க அக்கா. ரெண்டு லிட்டர். அதுக்கு மேல எடுத்தா கால் இழுத்துப் புடிச்சுக்கும், சொல்லி வைங்க. அஞ்சு, அந்த டெய்லர். ஆறு..." ஒன்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு, "அங்க யாரு இருக்கா? ஊசி யாரு போடறா?" என்றார்.

"யாரும் இல்ல சிஸ்டர். நீங்க எழுதி அனுப்பணுமாம்."

"எழுதிட்டேன் தம்பி. ஆறு மணிக்கே எழுதி வச்சுட்டேன். இங்கேருந்து தபால்லதான் வரணுமாம். போன்ல சொல்றது அனுமதி இல்லாத அணுகல்னு ஒரு தாள் ஒட்டியிருக்காங்க, என் தலைக்கு மேல."

ஒப்பீட்டுக் குழு அறை பூட்டியிருந்தது. கதவில் ஒரு படிவக் கட்டு தொங்கியது. 'தேர்வான சேவையிடம் தகவல் கேட்கும் விண்ணப்பம். மூன்று வேலை நாட்களில் பதில்.' புரோகிராமர் ஒன்பது படிவங்களைக் கிழித்துக்கொண்டு வந்து, பெஞ்சின் ஓரத்தில் குந்தி நிரப்ப ஆரம்பித்தார். ஒன்பது பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு சேர்ந்த நீர் அதில் பளபளத்தது.

"எத்தனை நாளாகுமாம்?"

"மூணு நாளுக்கா."

"சரி. நீ எழுது."

டெக்னீஷியன் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு உதவ வேண்டும் என்றுதான் இருந்தது.

"சார், ஒரு வழி இருக்கு. மூச்சு வாங்க ஆரம்பிச்சா நேரா எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. அங்க லிஸ்ட் எதுவும் கேக்க மாட்டாங்க. உடனே டயாலிசிஸ்ல போடுவாங்க."

புரோகிராமர் பேனாவை நிறுத்தினார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

அக்கா நெஞ்சில் கையை வைத்து, வாயை மூடிக்கொண்டு, ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டாள். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் நல்லாத்தாண்டா வருது," என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.